உயர்வு நவிற்சி உண்மையாகும்போது: பால்புதுமைக் காதலும் அறிபுனைவு வாசிப்பும்

காதல் வயப்பட்டவர் பேச்சில் உயர்வு நவிற்சி இல்லாமல் இருக்காது. ஏழு கடல் தாண்டி வருவேன், நமக்கு இந்த உலகில் இடமில்லை, உனக்கென்றே நான் பிறந்தேன் என்றெல்லாம் சொல்பவரை யாரும் பொய்யர் என்று பிடித்துக்கொள்வதில்லை. அணி என்று தெரிந்தேதான் கேட்கிறோம். அறிபுனைவில் வாசகருக்கு இந்த வசதி கிடையாது. ஒருத்தியின் உலகமே வெடித்துச் சிதறியது என்று சாதாரண நாவலில் வந்தால் அது மனமுறிவு. அறிபுனைவில் வந்தால் ஒரு கோள் உண்மையிலேயே அழிந்திருக்கலாம். அமெரிக்க எழுத்தாளரும் விமர்சகருமான சாமுவேல் டிலேனி 1960களின் இறுதியிலிருந்து வளர்த்தெடுத்த கருத்து இது. விண்கலம், வேற்றுலகம் என்று உள்ளே இருக்கும் பொருள்களால் அறிபுனைவை வரையறுக்க முடியாது, அது ஒரு வாசிப்பு முறை என்றார் அவர். எந்தச் சொல் அணி, எந்தச் சொல் செய்தி என்பதை வாசகர் வரிக்கு வரி தீர்மானித்துக்கொண்டே போகவேண்டிய எழுத்து அது.

அந்தக் கருத்தைப் பால்புதுமைக் காதல்கதைகளோடு சேர்த்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வகைக் கதைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பிரதிநிதித்துவத்தோடு நின்றுவிடுகிறது: இத்தகைய பாத்திரங்கள் எத்தனை, அவை நல்லவிதமாகச் சித்திரிக்கப்பட்டனவா? அந்தக் கணக்கெடுப்பு ஒரு காலத்தில் தேவைப்பட்டது. எரிக் கார்பரும் லின் பேலியோவும் 1983இல் வெளியிட்ட 'யுரேனியன் வேர்ல்ட்ஸ்' என்னும் நூலடைவு இல்லையென்றால் பல கதைகள் இருந்த இடமே தெரிந்திருக்காது. ஆனால் எண்ணிக்கையால் விளங்காத ஒன்று இருக்கிறது. ஒரே பாலினத்துக் காதலர்களின் உயர்வு நவிற்சி, அறிபுனைவுக்குள் வருமுன்பே பாதி உண்மையாகிவிட்ட ஒன்று. 'நமக்கு இந்த உலகில் இடமில்லை' என்பது அவர்கள் வாயில் வெறும் அணியாக இருக்கவில்லை. அரசாணையும் தபால் துறையும் மனநோய்ப் பட்டியலும் அதைச் செய்தியாக்கி வைத்திருந்தன. ஆகவே அறிபுனைவு அதை நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ளும்போது உலகத்தைவிட்டுத் தப்பி ஓடுகிறது என்ற வழக்கமான குற்றச்சாட்டு பொருந்தாது என்பது என் வாதம்.

காதல்கதை என்ற வகைக்கும் தனி ஒப்பந்தம் உண்டு. பமேலா ரீஜிஸ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலக் காதல் நாவலின் இன்றியமையா உறுப்புகள் எட்டு என்கிறார். அவற்றுள் ஒன்று தடை. கடைசியில் வருவது மண உறுதி. இடையில் எல்லாம் முடிந்துபோனது என்று தோன்றும் ஒரு சாவுக் கட்டமும் உண்டு. தடை எது, அது எப்படி நீங்குகிறது என்பதுதான் கதை. நம் அகமரபின் சொற்களில் கூறினால், களவு கற்பாகும் வழியைக் காட்டுவது இவ்வகை.

அந்த வழியை ஐம்பதுகளின் அமெரிக்கா அடைத்து வைத்திருந்தது. மாரிஜேன் மீக்கர், வின் பேக்கர் என்ற புனைபெயரில் எழுதிய 'ஸ்பிரிங் ஃபயர்' 1952இல் மலிவுப் பதிப்பாக வந்தது. கல்லூரி மாணவியர் இருவரின் காதல் அது. முடிவில் ஒருத்தி மனநோய் மருத்துவமனைக்குப் போகிறாள்; மற்றவள் தான் அவளை உண்மையில் காதலிக்கவே இல்லை என்று முடிவுகட்டுகிறாள். மகிழ்ச்சியான முடிவு வைத்தால் தபால் துறை புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிடும் என்று பதிப்பாசிரியர் எச்சரித்ததை மீக்கர் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். இங்கே தடை கதைக்குள் இல்லை, கதையின் கடைசி அத்தியாயத்தையே அது எழுதியிருக்கிறது. அதே ஆண்டு பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மார்கன் என்ற பெயருக்குப் பின்னால் நின்று, நம்பிக்கையான முடிவுகொண்ட 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்'டைக் கொண்டுவந்தார். அதன் நாயகியரில் ஒருத்தி அந்த முடிவுக்குத் தன் மகளை வளர்க்கும் உரிமையை விலையாகக் கொடுக்கிறாள்.

இந்தப் பின்னணியில்தான் தியடோர் ஸ்டர்ஜனின் 'தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்' சிறுகதையைப் படிக்கவேண்டும். 'யூனிவர்ஸ் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' இதழில் 1953இல் வந்தது. ஓரினச் சேர்க்கையாளர்களை மத்திய அரசு வேலைகளிலிருந்து விலக்க வழிசெய்த அதிபர் ஐசன்ஹோவரின் ஆணை அதே ஆண்டு ஏப்ரலில் பிறந்தது. கதையில் டிர்பானு என்ற கோளிலிருந்து இரண்டு உயிர்கள் பூமிக்கு வந்து சேர்கின்றன. ஒன்றின்மீது ஒன்று வைத்திருக்கும் அன்பைக் கண்டு பூமியே அவற்றைக் கொண்டாடுகிறது. டிர்பானு அவற்றைக் குற்றவாளிகள் என்று திருப்பிக் கேட்கிறது. பூமி அரசு, நல்லுறவை எதிர்பார்த்து, அனுப்பிவைக்கிறது. கொண்டுபோகும் கப்பலில் இருவர்: பெண்களைப் பற்றி ஓயாமல் அளக்கும் தலைவன் ரூட்ஸ், பேச்சே வராத பெருத்த உடம்புக்காரன் கிரன்டி. கைதிகள் மனத்தைப் படிக்க வல்லவை என்று கிரன்டிக்குத் தெரியவந்ததும் அவற்றைக் கொன்றுவிடத் துணிகிறான். ஏன் என்று வாசகருக்கு உடனே விளங்காது. கைதிகள் படம் வரைந்து காட்டுகின்றன: இரண்டும் ஆண். கிரன்டி அவற்றை உயிர்காப்புக் கலத்தில் ஏற்றித் தப்பவிடுகிறான். விஷயம் தெரிந்த ரூட்ஸ் அருவருப்பில் கொதிக்கிறான். அந்த ரூட்ஸைத்தான் கிரன்டி காதலிக்கிறான் என்பது நமக்கு மட்டும் தெரிகிறது.

இக்கதை முதலில் நேர்ப்பொருளாக்குவது காதலை அல்ல, அச்சத்தை. ‘என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்களோ’ என்ற பயம், மனத்தைப் படிக்கும் உயிராகவே கப்பலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அடுத்து, காதல்கதையின் ஒப்பந்தம் இங்கே இரண்டாகப் பிளக்கிறது. மகிழ்ச்சியான முடிவு வேற்றுக்கோள் இணைக்குப் போகிறது. மௌனம் மனிதனுக்கு மிஞ்சுகிறது. ஸ்டர்ஜன் இதில் ஒரு குறும்பும் செய்திருக்கிறார். டிர்பானுவில் ஆணும் பெண்ணும் தோற்றத்தில் முற்றிலும் வேறுபட்டவர்கள். அதனால் அவர்கள் கண்ணுக்குப் பூமியின் எல்லாக் கணவன் மனைவியரும் ஒரே பாலினத்து இணைகளாகவே தெரிகிறார்கள், அந்த அருவருப்பில்தான் பூமியை ஒதுக்குகிறார்கள். ரூட்ஸும் அவர்கள் பார்வையில் சந்தேகத்துக்குரியவன்தான். கதையின் இரக்கத்தைப் பாராட்டுகிறவர்கள் இந்தக் கிண்டலைப் போதிய அளவு கவனிப்பதில்லை.

உர்சுலா லெ க்வினின் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' (1969) பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. இங்கே ஒன்று மட்டும். கெதன் கோளின் மக்களுக்கு நிலையான பாலினம் இல்லை. மாதத்தில் சில நாள் மட்டும் ஆணாகவோ பெண்ணாகவோ ஆகிறார்கள். பனிப்பாலையைக் கடக்கும் ஜென்லி ஆயும் எஸ்ட்ராவனும் தங்களிடையே இருப்பது காதல் என்று உணர்ந்தும் உடலால் சேர்வதில்லை, பின்னர் எஸ்ட்ராவன் எல்லைக் காவலரின் துப்பாக்கிக்கு இரையாகிறார். எல்லாவற்றையும் புதிதாக்கிய உலகில் முடிவு மட்டும் பழையது. கெதன் மக்களைத் தேவையில்லாமல் எதிர்ப்பால் உறவுக்குள் பூட்டிவிட்டதை லெ க்வினே பிறகு ஒப்புக்கொண்டார். 1995இல் வெளிவந்த 'கமிங் ஆஃப் ஏஜ் இன் கர்ஹைட்' சிறுகதையில் அந்தப் பூட்டைத் திறந்தும் காட்டினார்.

ஜோன்னா ரஸ்ஸின் 'வென் இட் சேஞ்ச்டு' (1972) எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஒயில்அவே என்ற குடியேற்றக் கோளில் ஆண்கள் எல்லாரும் பல தலைமுறைகளுக்கு முன் கொள்ளைநோயில் மாண்டுபோனார்கள். கதைசொல்லி தன் மனைவி கேட்டி வண்டி ஓட்டும் வேகத்தைப் பற்றிக் குறைபட்டபடி தொடங்குகிறார். வாசகர் அவரை ஒரு கணவனாக எண்ணிக்கொள்கிறார். கதைசொல்லி ஒரு பெண் என்பது சற்றுப் பொறுத்துத் தெரியும்போது திருத்திக்கொள்ள வேண்டியிருப்பது கதையை அல்ல, வாசகர் தானாக இட்டு நிரப்பியதை. அதைவிட முக்கியமானது, இங்கே கற்பு வாழ்க்கையிலிருந்தே கதை தொடங்குகிறது. குழந்தைகள், சண்டை, சலிப்பு எல்லாம் உண்டு. தடை பிறகு வருகிறது, பூமியிலிருந்து இறங்கும் நான்கு ஆண்களின் உருவில். வந்தவர்களில் ஒருவன், சுற்றிலும் இத்தனை பேர் நிற்கும்போதே, மனிதர்கள் எங்கே என்று கேட்கிறான். யாரை மனிதர்கள் என்கிறான் என்பது கதைசொல்லியான ஜேனட்டுக்கு உடனே பிடிபடுவதில்லை. இதுவரை நிறைவாக இருந்த வாழ்வு இனிமேல் ஒரு குறை என்று பெயரிடப்படும். ஒயில்அவேக்கு நேரப்போகும் அழிவு அந்தப் பெயரிடுதலிலேயே தொடங்கிவிடுகிறது.

பிறகு அரை நூற்றாண்டில் நிலைமை மாறியது. இன்று வரும் இவ்வகைக் கதைகள் பலவற்றில் ஒரே பாலினத்துக் காதல் யாருக்கும் செய்தியே இல்லை. அமல் எல்-மொஹ்தாரும் மேக்ஸ் கிளாட்ஸ்டனும் சேர்ந்து எழுதிய 'திஸ் இஸ் ஹவ் யூ லூஸ் தி டைம் வார்' (2019) ஹியூகோ, நெபுலா இரண்டையும் பெற்ற குறுநாவல். 2023இல் ஓர் அனிமே ரசிகர், இதைப் பற்றி எதையும் தேடாமல் அப்படியே படியுங்கள் என்று ட்விட்டரில் போட்ட ஒரு பதிவால் மறுபடியும் விற்பனைப் பட்டியல்களில் ஏறியது. ரெட், புளூ என்ற இரு பெண்கள், காலத்தின் இழைகளில் முன்னும் பின்னும் சென்று வரலாற்றைத் தம் பக்கம் வளைக்கும் எதிரெதிர்ப் படைகளின் ஒற்றர்கள். ஒருத்தி இயந்திர நாகரிகத்தின் ஆள், மற்றவள் உயிர்த்தாவர நாகரிகத்தின் ஆள். எதிரிக்கு விடும் சவாலாகத் தொடங்கும் கடிதங்கள் காதலாக முற்றுகின்றன.

இருவரும் பெண்கள் என்பதைப் பற்றி எந்தப் படைத்தலைமைக்கும் கவலையில்லை. எதிரி என்பதே குற்றம். இது முன்னேற்றம்தானா? தப்பெண்ணமே இல்லாத உலகத்தைப் படைத்துவிட்டால், அந்தத் தப்பெண்ணத்தோடு இன்றும் போராடுகிறவர்களின் அனுபவம் எழுத்திலிருந்து காணாமல் போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. காதல்கதைக்குத் தடை வேண்டும், அதைப் பாலினத்திலிருந்து எடுத்துவிட்டால் வேறெங்காவது வைக்கவேண்டும். அறிபுனைவு போரையும் காலத்தையும் கொண்டுவந்து அந்த இடத்தை நிரப்புகிறது என்பது பாதிப் பதில்தான்.

மீதிப் பதில் கடிதங்களின் வடிவில் இருக்கிறது. மருத்துவமனை ஸ்கேன் கருவிக்குள் கொதிக்கும் நீரிலும், மரத்தின் வளையங்களிலும், தின்று படிக்கவேண்டிய விதைகளிலும் அவை எழுதப்படுகின்றன. படித்த தடயம் மிஞ்சக் கூடாது. பின்தொடரும் நிழல் ஒன்று மிச்சங்களைப் பொறுக்கிக்கொண்டே வருகிறது. கண்காணிப்புக்குத் தப்ப எழுதுவது, எரித்துவிடுவது, உரியவருக்கு மட்டும் புரியும்படி பெயரை மாற்றி மாற்றி விளிப்பது ஆகிய பழக்கங்கள் எங்கிருந்து வந்தன? தபாலுக்கு அஞ்சிய 1952இலிருந்தும், மனத்தைப் படிப்பவர்களுக்கு அஞ்சிய கிரன்டியிடமிருந்தும் வந்தவை இவை. கதையுலகம் தப்பெண்ணத்தை மறந்துவிட்டது. கதையின் வடிவம் அதை மறக்கவில்லை. ரீஜிஸ் சொல்லும் சாவுக் கட்டமும் இங்கே நேர்ப்பொருளில் நடக்கிறது: நஞ்சு தோய்ந்த கடிதம் என்று அறிந்தே புளூ அதைப் படித்துச் சாகிறாள். மிச்சங்களைத் தின்றுவந்த நிழல் யாரென்றால் பிற்காலத்து ரெட். காலத்தில் பின்னோக்கிப் போய், படித்தவற்றையெல்லாம் தன்னுள் சேர்த்துக்கொண்டு, அதன் மூலம் புளூ பிழைக்க வழி செய்கிறாள். காலம் கடந்து வருவேன் என்ற காதல் வாசகம் கதையின் பொறிமுறையாகவே ஆகிவிடுகிறது.

இந்த வரிசை ஏறுமுகமான வரலாறாகத் தோன்றினால், அதற்குப் பணியாத நூல் ஒன்று உண்டு: டிலேனியின் 'ஸ்டார்ஸ் இன் மை பாக்கெட் லைக் கிரெய்ன்ஸ் ஆஃப் சாண்ட்' (1984). அவருடைய கோட்பாட்டில் வரும் உதாரணம் இங்கே பாத்திரமாகவே வந்துவிடுகிறது. ராட் கோர்கா, உலகம் அழிந்த பிறகு எஞ்சிய ஒரே ஆள். மார்க் டயத் வேறொரு கோளின் தூதுவன். கோள்களிடையே தகவலை ஆளும் வெப் என்ற அமைப்பு, இவர்கள் ஒருவர் மற்றவரின் வேட்கைக்கு முழுக்கப் பொருந்துபவர் என்று பல தசம இடங்கள் வரை கணக்கிட்டுச் சொல்கிறது. உனக்கென்றே பிறந்தேன் என்பதும் நேர்ப்பொருளாகிவிட்டது, ஆனால் அதை மெய்ப்பித்துக் கொடுப்பது ஒரு நிர்வாகம். கணக்கிடத் தெரிந்த அமைப்புக்குச் சேர்த்துவைக்கத் தெரிவதுபோலப் பிரிக்கவும் தெரியும். கோர்காவைக் காணக் கூட்டம் திரள்கிறது, கோளின் நிலைத்தன்மைக்கே ஆபத்து என்று முடிவாகிறது, ஒரே நாளில் இருவரும் பிரிக்கப்படுகிறார்கள். மார்க் வாழும் பகுதியில் எவரும் ஆண்-ஆண் உறவை வெறுப்பதில்லை. அங்கே மனிதரும் வேற்றினத்தாரும்கூட இணைந்து வாழ்கிறார்கள். தப்பெண்ணம் இல்லாத உலகிலும், வேட்கையைப் பற்றிய தகவல் யார் கையில் இருக்கிறது என்பது தடையாக முடியும் என்பதை இந்நூல் 1984இலேயே பார்த்துவிட்டது. மார்க் தன் இழப்பை நீளமாகப் பேசுவதோடு நூல் முடிகிறது. அறிவிக்கப்பட்ட இரண்டாம் பாகம் வரவே இல்லை. எய்ட்ஸ் பரவிய காலமும் தன் வாழ்வில் நேர்ந்த ஒரு பிரிவும் அதற்குக் காரணங்கள் என்று டிலேனி சொல்லியிருக்கிறார். ரீஜிஸின் எட்டு உறுப்புகளில் ஏழாவதும் எட்டாவதும் இதில் இல்லை. ஆகவே இதைக் காதல் நாவல் என்று அழைக்க முடியாது என்று வகைமை ஆய்வாளர் சொல்லலாம். நான் அந்த வரையறையைத்தான் தளர்த்துவேன்.