திருகோணமலைத் துறைமுகத் தொழிலாளரின் தொடர் பயிற்சி

வேலையில் இருப்பவர்கள் தங்கள் திறனைப் புதுப்பிக்கவும் அதற்குரிய தகைமையைப் பெறவும் மேற்கொள்ளும் பயிற்சியே தொடர் பயிற்சி. திருகோணமலையில் இது பெரும்பாலும் துறைமுகத்தைச் சார்ந்த தொழில்களோடு பிணைந்தது. 1957 இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டபின், தளத்தை நம்பியிருந்த வேலைகள் சுருங்கின. சீனக்குடாவின் பிறிமா மா ஆலை 1980 அளவிலும் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை 1984 அளவிலும் இயங்கத் தொடங்கின. ஆனால் 1983 முதல் 2009 வரை நீண்ட போர் ஒரு தலைமுறையின் படிப்பைக் குலைத்தது. பலர் பட்டறையிலும் கட்டட வேலையிலும் மூத்தோரைப் பார்த்தே தொழில் பழகினார்கள். கையில் வேலை இருந்தது, காட்ட ஒரு தாள் இல்லை.

இவர்களுக்கு மிகவும் பயன்படுவது ஆர்.பி.எல். என்று வழங்கும் முன்கற்றல் அங்கீகாரம். இலங்கையின் தேசிய தொழிற்தகைமை முறை, அதாவது என்.வி.கியூ., ஏழு மட்டங்கள் கொண்டது: நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு இதை மேற்பார்வை செய்கிறது. பயிலுனர் பயிற்சியைக் கவனிக்கும் நைட்டாவும் தொழிற்பயிற்சி அதிகார சபையும் களத்தில் நிற்கின்றன. வகுப்பில் உட்காராதவரும் வேலை அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்டித் தகைமை பெறலாம்.

வெல்டிங் வேலையை எடுத்துக்கொள்வோம். நிமிர்த்தி வைத்த இரும்புத் தகட்டை அனுபவமுள்ளவர் அழகாக ஒட்டிவிடுவார். அவர் தடுமாறும் இடம் வேறு: வரைபடத்தைப் படிப்பது, பாதுகாப்பு விதிகள், செய்கிற வேலைக்கான காரணம். குறைந்த ஐதரசன் வெல்டிங் குச்சியின் பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து பிரியும் ஐதரசன் உருகிய உலோகத்தில் கலந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்தும் வெடிப்பை உண்டாக்கக்கூடும். குச்சியை உலர்த்தும் அடுப்பு அதனால்தான் தேவை. வடகீழ்ப் பருவமழையில் நனையும் கடலோரத்தில் இந்த அறிவு இல்லாமல் போனால், கண்ணுக்கு நல்லதாய்த் தெரியும் இணைப்பே ஆபத்தாகிவிடும். பழகிய கைக்குக் காரணத்தைத் தருவதுதான் பயிற்சியின் உண்மையான பெறுமதி என்பேன்.

கடலுக்குப் போகிறவர்களுக்கோ இது விருப்பத்தைப் பொறுத்ததல்ல. 1978 ஆம் ஆண்டின் சர்வதேசக் கடலோடிகள் பயிற்சி உடன்படிக்கையின் விதிகளின்படி, கப்பல் அதிகாரிகளின் தகுதிச் சான்றிதழ்கள் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். தீயணைப்பு, உயிர் காத்தல் போன்றவற்றில் திறன் மங்கவில்லை என்பதையும் அதே கால இடைவெளியில் காட்ட வேண்டும். 2010 ஆம் ஆண்டின் மணிலாத் திருத்தங்கள் இதை மேலும் இறுக்கின. கரையில் பாரந்தூக்கி ஓட்டுபவருக்கும் கொதிகலன் பார்ப்பவருக்கும் இதே ஒழுங்கு வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

நடைமுறையில் முதல் தடை நாட்கூலி. மதிப்பீட்டுக்குப் போகும் நாளில் சம்பளம் இல்லை, வீட்டில் அடுப்பெரிய வேண்டும். அடுத்தது மொழி: தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் சேர்ந்து வேலை செய்யும் இம்மாவட்டத்தில், இயந்திரக் கையேடுகளில் பல ஆங்கிலத்திலேயே வருகின்றன. மாலை நேர வகுப்புகளும் தாய்மொழிப் பாடக் குறிப்புகளும் இத்தடைகளைக் குறைக்கும். மதிப்பீட்டு நாளையும் வேலை நாளாகக் கணக்கிட்டுச் சம்பளம் கொடுக்கும் முதலாளியிடம் ஆட்கள் தயங்காமல் பெயர் கொடுப்பார்கள்.