மைல்களைச் சீட்டாக மாற்றித்தரக் கட்டணம்: எப்போது கொடுக்கலாம், எப்போது வேண்டாம்?

மளிகை, பெட்ரோல், பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பு என்று ஆண்டுக்கணக்கில் கடன்பற்று அட்டையில் செலவு செய்து சேர்த்த மைல்கள் கணக்கில் இருக்கின்றன. டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு சென்னைக்குப் போகலாம் என்று இணையத்தளத்தைத் திறந்தால், எந்தத் தேதியைப் போட்டாலும் நான்கு பேருக்கு இடமில்லை என்ற பதில்தான் வருகிறது. மைல்களுக்கோ காலாவதி நெருங்குகிறது.

அந்த நேரத்தில்தான் “உங்கள் மைல்களுக்கு நாங்கள் சீட்டு எடுத்துத் தருகிறோம்” என்ற விளம்பரம் கண்ணில் படுகிறது. கட்டணம் கொடுத்து இந்த உதவியைப் பெறலாமா? அதில் லாபம் உண்டா? எதில் ஏமாற வாய்ப்பு இருக்கிறது?

இந்தச் சேவை எப்படி வந்தது?

அடிக்கடி பறப்போருக்கு மைல் கொடுக்கும் பழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981இல் தொடங்கிய ‘அட்வான்டேஜ்’ திட்டம். சிங்கப்பூர் ஏர்லைன்சின் ‘கிரிஸ்ஃபிளையர்’ 1999இல் வந்தது. இதற்கிடையே 1997இல் ‘ஸ்டார் அலையன்ஸ்’ கூட்டணி உருவானது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000ஆம் ஆண்டிலும் ஏர் இந்தியா 2014ஆம் ஆண்டிலும் அதில் சேர்ந்தன.

கூட்டணிகள் வந்த பிறகு, ஒரு நிறுவனத்தில் சேர்த்த மைலைக் கொண்டு இன்னொரு நிறுவனத்தின் விமானத்திலும் பறக்க முடிந்தது. வழிகள் பெருகியதுபோல் விதிகளும் பெருகின. அந்த விதிகளைப் படித்துத் தேர்ந்தவர்கள், மற்றவர்களுக்காகத் தேடித்தந்து கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் இது நன்கு வேரூன்றிய தொழில். அங்கே ஒருவருக்கு 150 முதல் 200 அமெரிக்க டாலர் வரை வாங்கும் சேவைகள் உண்டு.

மைல் சீட்டு ஏன் எளிதில் கிடைப்பதில்லை?

விமானத்தில் இருக்கை காலியாக இருப்பதும், அது மைலுக்குக் கிடைப்பதும் வேறு வேறு. காசுக்கு விற்றுவிடலாம் என்று நிறுவனம் கணிக்கும் இருக்கையைக் குறைந்த மைலுக்குத் திறந்துவிடாது. கிரிஸ்ஃபிளையரில் ‘சேவர்’ சீட்டுக்குக் குறைந்த மைல் போதும், ஆனால் இருக்கைகள் குறைவு. ‘அட்வான்டேஜ்’ சீட்டுக்குக் கூடுதல் மைல் வேண்டும், இருக்கையும் கூடுதலாகக் கிடைக்கும்.

சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் உண்டு. பள்ளிகளின் ஆண்டிறுதி விடுமுறையும் சென்னையின் மார்கழிக் கச்சேரிக் காலமும் ஒரே நேரத்தில் வருகின்றன. ஜூன் விடுமுறையிலும் தீபாவளியை ஒட்டிய நாள்களிலும் இதே கூட்டம்தான். எல்லாரும் போக விரும்பும் வாரத்தில், ஒரே விமானத்தில், நான்கு சேவர் இருக்கைகள் கிடைப்பது அரிது.

சேவையாளர் செய்வது என்ன?

முதலில் உங்களிடம் எந்தத் திட்டத்தில் எத்தனை மைல், எந்த வங்கியில் எத்தனை புள்ளி இருக்கிறது என்று கேட்பார். தேதியை எத்தனை நாள் முன்னும் பின்னும் நகர்த்தலாம், இடையில் விமானம் மாறலாமா, குடும்பம் இரண்டாகப் பிரிந்து பறக்கலாமா என்றும் கேட்பார். பிறகு நேரடி விமானம், கூட்டணி விமானம், வேறு நகரம் வழியாகச் செல்லும் விமானம் என்று ஒவ்வொன்றாகத் தேடி, இரண்டு மூன்று வழிகளை உங்கள்முன் வைப்பார்.

நல்ல சேவையாளரின் மதிப்பு, நமக்குத் தோன்றாத வழியைக் காட்டுவதில் இருக்கிறது. எடுத்துக்காட்டாக, மலேசியா ஏர்லைன்சின் ‘என்ரிச்’ திட்டத்தில் புள்ளி சேர்ப்பவர்கள் பலர் மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்களை மட்டுமே பார்ப்பார்கள். அந்நிறுவனம் 2013இலும் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் 2014இலும் ‘ஒன்வேர்ல்ட்’ கூட்டணியில் சேர்ந்துவிட்டன. ஆகவே கோலாலம்பூரிலிருந்து கொழும்பு வழியாகத் தமிழகம் செல்லும் வழியையும் பார்க்கலாம்.

ஆனால், இல்லாத இருக்கையை உருவாக்க எந்தச் சேவையாளராலும் முடியாது. அவர் விற்பது நேரமும் அனுபவமும். “விமான நிறுவனத்தில் எனக்கு ஆள் இருக்கிறது, கட்டாயம் வாங்கித் தருவேன்” என்று ஒருவர் சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கட்டணம் கொடுக்கும் முன் ஒரு சிறு கணக்கு போதும். அதே பயணத்தின் ரொக்க விலையிலிருந்து, மைல் சீட்டுக்கும் கட்டியாக வேண்டிய வரியைக் கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு மைலின் மதிப்பு தெரியும்.

ஒருவருக்கு இருவழிச் சீட்டு 900 வெள்ளி, வரி 100 வெள்ளி, தேவைப்படும் மைல் 40,000 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 800 வெள்ளியை 40,000ஆல் வகுத்தால் மைலுக்கு 2 காசு. நால்வருக்குச் சேர்த்து 1,60,000 மைல் கொடுத்து 3,200 வெள்ளி மிச்சப்படுத்துகிறீர்கள்.

சேவையாளர் தலைக்கு 150 வெள்ளி கேட்டால், 600 வெள்ளி போய்விடும். மிச்சம் 2,600 வெள்ளி. மைலின் மதிப்பு 1.6 காசாகக் குறைகிறது. இது பரவாயில்லை எனலாம்.

அதே பயணத்திற்கு 500 வெள்ளியில் சீட்டு கிடைக்கிறது என்றால்? நால்வருக்கும் மிச்சம் 1,600 வெள்ளிதான். கட்டணம் போக 1,000 வெள்ளி. மைலின் மதிப்பு 0.6 காசுக்கு இறங்கிவிடுகிறது. அப்படியானால் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிவிட்டு, மைலை வேறு பயணத்திற்கு வைத்திருப்பதே மேல். திருச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ ஸ்கூட் போன்ற மலிவுக் கட்டண விமானத்தில் போக நினைப்பவர்கள் இந்தக் கணக்கை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும்.

வரியிலும் கவனம் தேவை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களுக்கான மைல் சீட்டுகளில் எரிபொருள் கூடுதல் கட்டணத்தை 2017இல் நீக்கிவிட்டது. கூட்டணி நிறுவனங்கள் சில இன்னமும் அதை வசூலிக்கின்றன. மைல் குறைவு என்று நினைத்து எடுத்த சீட்டுக்குப் பல நூறு வெள்ளி ரொக்கமாகக் கட்ட நேரலாம்.

யாருக்குப் பயன், யாருக்கு வேண்டாம்?

பிசினஸ் வகுப்பில் நீண்ட தூரம் பறக்க விரும்புவோர், பல நகரங்களைத் தொட்டுச் செல்வோர், இரண்டு மூன்று திட்டங்களில் மைல் சிதறிக் கிடப்போர், இணையத்தில் உட்கார்ந்து தேட நேரமில்லாதோர் ஆகியோருக்குக் கட்டணம் வீண் போகாது. வயதான பெற்றோரை அதிகம் அலைக்கழிக்காத வழியில் அழைத்துச்செல்ல வேண்டும் என்போருக்கும் அனுபவசாலியின் ஆலோசனை உதவும்.

சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு ஒருவரோ இருவரோ எக்கானமி வகுப்பில் போய்வர, கட்டணம் கொடுத்து ஆள் வைக்கத் தேவையில்லை. கிரிஸ்ஃபிளையர் தளத்திலேயே கால் மணி நேரத்தில் முடித்துவிடலாம்.

கணக்கின் சாவி உங்களிடமே இருக்கட்டும்

கட்டணம் கூடுதலாகிவிட்டால் சில நூறு வெள்ளி நட்டம். கணக்கே பறிபோனால் ஆண்டுக்கணக்கான சேமிப்பு போய்விடும். சில சேவையாளர்கள் “உங்கள் சார்பில் நாங்களே எடுத்துவிடுகிறோம்” என்று கணக்கு எண்ணையும் மறைச்சொல்லையும் கேட்பார்கள். சிலர் கைப்பேசிக்கு வரும் ஒருமுறை மறைச்சொல்லையும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

சேவையாளர் விமான எண், தேதி, வகுப்பு, தேவைப்படும் மைல் ஆகியவற்றை எழுதி அனுப்பினால் போதும். கணக்கில் நுழைந்து பதிவை முடிப்பது நீங்களாக இருக்க வேண்டும். தடுமாற்றம் இருந்தால் தொலைபேசியில் அவர் சொல்லச் சொல்ல நீங்களே செய்யலாம். வரியையும் உங்கள் அட்டையிலிருந்து விமான நிறுவனத்திற்கு நேரடியாகக் கட்டுங்கள். சிங்பாஸ் விவரம் இந்த வேலைக்கு எந்த இடத்திலும் தேவைப்படாது.

மலிவுச் சீட்டு என்னும் பொறி

இன்னொரு வகை விளம்பரமும் உலவுகிறது. “உங்களிடம் மைல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் மைலில் பாதி விலைக்குச் சீட்டு” என்பார்கள். அல்லது “உங்கள் மைலை நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்” என்பார்கள். இவை முன்னர்ச் சொன்ன தேடல் சேவையோடு சேராதவை.

மைலை விற்பதையும் வாங்குவதையும் கிரிஸ்ஃபிளையர் உட்படப் பெரும்பாலான திட்டங்களின் விதிகள் தடைசெய்கின்றன. கிரிஸ்ஃபிளையரில் உங்களுக்கும், நீங்கள் பதிந்துவைத்த ஐந்து பேர் வரையிலான நியமனதாரர்களுக்கும் மட்டுமே மைல் சீட்டு எடுக்க முடியும். விதி மீறப்பட்டதாக நிறுவனம் கருதினால், சீட்டை ரத்துசெய்யலாம், கணக்கையும் மூடலாம். திருட்டு மைலில் எடுத்த சீட்டாக இருந்தால், விமான நிலையத்தில் பெட்டியோடு நிற்கும்போதுதான் உண்மை தெரியவரும்.

கணக்கு மூடப்பட்ட பிறகு வழக்காடுவதும் எளிதில்லை. அமெரிக்காவில் ‘நார்த்வெஸ்ட்’ விமான நிறுவனம் உறுப்பினர் ஒருவரை மைல் திட்டத்திலிருந்து 2008இல் நீக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நிறுவனம் நியாயமாக நடந்துகொள்ளவில்லை என்ற அவரது வாதத்தை 2014இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அது அந்நாட்டுச் சட்டப்படி வந்த தீர்ப்பு என்றாலும், மைல் திட்டத்தில் சேரும்போது நாம் ஒப்புக்கொள்ளும் விதிகளுக்கு எவ்வளவு வலு உண்டு என்பதைக் காட்டுகிறது.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

• கட்டணம் தலைக்கா, குடும்பத்திற்கா? கைக்குழந்தைக்கும் உண்டா?

• இருக்கை கிடைக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? முன்பணம் எவ்வளவு?

• காட்டும் வழி எனக்குப் பிடிக்காவிட்டால் இன்னொரு முறை தேடித் தருவீர்களா?

• விமானம் ரத்தானாலோ நேரம் மாறினாலோ உதவுவீர்களா? அதற்குத் தனிக் கட்டணமா?

• இவை அனைத்தையும் மின்னஞ்சலில் எழுதித் தருவீர்களா?

இருக்கையைக் கண்டுபிடித்துக் காட்டிய பிறகு கட்டணம் வாங்குபவரே பாதுகாப்பான தேர்வு. முழுத் தொகையையும் முன்கூட்டியே ஒரு தனிநபரின் பேநவ் எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் தயங்குங்கள். சிங்கப்பூரில் பயணச்சீட்டு விற்பவர் என்றால், சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் பயண முகவர் உரிமம் அவருக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோசடியோ என்ற ஐயம் எழுந்தால் ‘ஸ்கேம்‌ஷீல்டு’ உதவி எண் 1799ஐ அழைத்துக் கேட்கலாம். சேவையாளருடனான பணத் தகராறு 20,000 வெள்ளிக்கு மேற்படாவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் சிறுகோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம்.

முதலில் நீங்களே முயன்று பாருங்கள்

நான்கு பேருக்குத் தேடும்போது ஒரே வகையில் மூன்று இருக்கைகள்தான் இருந்தால், தளம் அந்த மூன்றையும் காட்டாது. ஆகவே ஒருவருக்கு, இருவருக்கு, மூவருக்கு என்று தனித்தனியே தேடுங்கள். அம்மாவும் ஒரு பிள்ளையும் வெள்ளிக்கிழமை, அப்பாவும் இன்னொரு பிள்ளையும் சனிக்கிழமை என்று பிரிந்து போனால் பல நேரம் காரியம் முடிந்துவிடும்.

சிங்கப்பூர் ஏர்லைன்சில் பயணத்திற்கு 355 நாள்களுக்கு முன்பே சீட்டு எடுக்கலாம். அடுத்த டிசம்பருக்கு இந்த டிசம்பரிலேயே தேடுங்கள். போகும் வழி மைலில், திரும்பும் வழி காசில் என்றும் எடுக்கலாம். இடமில்லை என்றால் காத்திருப்புப் பட்டியலில் பெயரைப் பதிந்துவைக்கலாம்; ஆனால் அதை மட்டும் நம்பித் திருமணத்திற்கோ காரியத்திற்கோ போகத் திட்டமிட வேண்டாம்.

வங்கிப் புள்ளிகளை அவசரப்பட்டு மைலாக மாற்றாதீர்கள். மாற்றியவற்றைத் திரும்ப வங்கிக்குக் கொண்டுபோக முடியாது. ஒவ்வொரு மாற்றத்திற்கும் பல வங்கிகள் ஏறத்தாழ 25 வெள்ளியும் பொருள், சேவை வரியும் வசூலிக்கின்றன. மாற்றிய நாளிலிருந்து காலாவதிக் கணக்கும் தொடங்கிவிடுகிறது. ஏறத்தாழ எந்த நாள்களில் இருக்கை திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, தேவையான அளவு மட்டும் மாற்றுங்கள். மைல் கணக்கில் வந்துசேரச் சில வேலை நாள்கள் ஆகலாம் என்பதால், ஒரே தேதியை நம்பாமல் மாற்றுத் தேதி ஒன்றையும் மனத்தில் வைத்திருங்கள்.

கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு ஆயுள் மூன்று ஆண்டு. கட்டணம் செலுத்திச் சில மாதங்கள் நீட்டிக்கலாம், ஆனால் அது கடைசி வழி. இன்று இரவே கணக்கைத் திறந்து, எத்தனை மைல் எந்த மாதம் காலாவதியாகிறது என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு வாரம் நீங்களே தேடுங்கள். அப்போதும் வழி கிடைக்காவிட்டால், அந்தத் தாளோடு சேவையாளரிடம் போகலாம். மறைச்சொல்லை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.