விண்ட்ஸ்கேல் முதல் புகுஷிமா வரை: கடலில் கரைத்த கணக்கு

2023 ஆகஸ்ட் 24 அன்று, புகுஷிமா தாயிச்சி அணுமின் நிலையத் தொட்டிகளில் தேங்கியிருந்த நீரைப் பசிபிக் கடலில் விடும் பணி தொடங்கியது. ஜப்பான் அரசு அதனைப் 'பதப்படுத்திய நீர்' என்றது. சீன அரசு 'அணுமாசு நீர்' என்று கூறி, அன்றே ஜப்பானியக் கடலுணவு இறக்குமதியை நிறுத்தியது. இவ்விரு பெயர்களுக்கு நடுவே இடரை எடைபோட, சுமார் எழுபது ஆண்டு மூத்த வரலாறு ஒன்று துணைநிற்கும்.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலிருந்த விண்ட்ஸ்கேல் ஆலை (இன்றைய செல்லாஃபீல்டு), 1950களின் தொடக்கம் முதல் கதிரியக்கக் கழிவுநீரைக் குழாய்வழி ஐரிஷ் கடலில் விட்டுவந்தது. அதில் ருத்தேனியம்-106 எவ்வளவு இருக்கலாம் என்பதைத் தீர்மானித்தது ஓர் உணவு. அக்கரையில் பறித்த கடற்பாசி தெற்கு வேல்ஸுக்குச் சென்று, 'லேவர்பிரெட்' என்னும் பண்டமாக உண்ணப்பட்டது. அப்பாசி ருத்தேனியத்தைத் தன்னுள் செறிக்கும். எனவே அதனை மிகுதியாக உண்போரின் குடலைச் சேரும் கதிர்வீச்சைக் கணக்கிட்டு வரம்பு வகுத்தனர். கடலின் பரப்பை விட்டு மனிதரின் தட்டிலிருந்து தொடங்கிய அம்முறை அறிவார்ந்ததே.

ஆயினும் 1970களின் தொடக்கத்தில் அக்கரையில் பாசி பறிப்பது நின்றது. சேமிப்புக் குளங்களில் எரிபொருளின் உறை அரித்ததால், சீசியம்-137 வெளியேற்றம் அப்பத்தாண்டின் நடுவில் உச்சம் தொட்டது. ஆய்வாளரின் கவனம் பாசியிலிருந்து மீனுக்கு மாறியது. கடலடி வண்டலில் நிலையாகத் தங்கிவிடும் என்று கருதப்பட்ட புளுட்டோனியம், வண்டலோடு கழிமுகங்களுக்குத் திரும்பியது. 1983 நவம்பரில் வெளியேறிய கழிவு கரையொதுங்க, கடற்கரைக்குத் தேவையின்றிச் செல்ல வேண்டாமென அரசு மக்களை அறிவுறுத்தியது.

இவ்வளவுகோலால் நோக்கினால், புகுஷிமாவின் டிரிட்டியம் பேரச்சத்துக்குரியதன்று. அது நீர் மூலக்கூறின் பகுதியாகவே இருப்பதால் வடிகட்ட இயலாது. ஆனால் சீசியத்தைப்போல் மீனுடலில் செறிவதில்லை. ஆண்டு உச்சவரம்பு 22 டெராபெக்கரல். பிரான்சின் லா ஹேக் ஆலை 2018இல் மட்டும் 10,000 டெராபெக்கரலுக்கு மேல் கடலில் விட்டது. கவனத்துக்குரியவை பிற தனிமங்களே. தொட்டிநீரில் பெரும்பகுதி முதல் வடிகட்டலில் வரம்புக்குள் வரவில்லை. மீண்டும் வடிகட்டியே விட வேண்டும். சுமார் முப்பது ஆண்டுகள், ஒவ்வொரு தொகுதிக்கும் அவ்வடிகட்டல் பிழையின்றி நிகழ வேண்டும். நிலையத்தாரைச் சாராத ஒருவர் அதை அளந்து பார்க்கவும் வேண்டும்.

விண்ட்ஸ்கேலின் கணக்கு வகுக்கப்பட்ட நாளில் சரியாகவே இருந்தது. பின்னர் உண்போர் மாறினர், ஆலை மாறியது, வண்டல் நகர்ந்தது. ஆகவே இன்றைய எண் சிறியது என்பதோடு மதிப்பீடு முடிவதில்லை. அதை ஆண்டுதோறும் திருத்தி எழுத வேண்டும். அத்திருத்தத்தை நம்புவோரும் வேண்டும். உரியோரின் புரிதலின்றி நீரை அகற்றுவதில்லை என்று புகுஷிமா மீனவர்களுக்கு 2015இல் எழுத்தில் உறுதி தரப்பட்டது. அவர்களின் எதிர்ப்பு ஓயுமுன்பே குழாய் திறக்கப்பட்டது. அந்த இழப்பைக் குறிக்க பெக்கரல் கணக்கில் இடமில்லை.