திண்ணையும் தமிழர் வாழ்வும்

முற்றம், கூடம், இரேழி, கொல்லை எனத் தமிழர் இல்லத்தின் உறுப்புகள் பல. இவை வீட்டாருக்கு உரியவை. வழிச்செல்வோரையும் எண்ணி அமைந்த உறுப்பு ஒன்று உண்டென்றால் அது திண்ணையே ஆகும். தம் பொருளைச் செலவிட்டுக் கட்டிப் பிறர் அமர்வதற்கென விட்டுவைத்த இவ்விடத்தின் வரலாறு, நம் சமுதாயத்தின் பெருமையையும் சிறுமையையும் ஒருங்கே காட்டுகிறது.

திண்ணை மிகத் தொன்மையானது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளம் கூறும் பட்டினப்பாலையிலேயே நெடிய படிகளோடு கூடிய மாளிகைத் திண்ணையைக் காண்கிறோம். முதலாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் ஒரு மழை இரவில் சந்தித்தது, வீட்டு வாயிலை ஒட்டிய இடைகழியில் என்பது வைணவ மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவே அங்கு இடம் இருந்ததாம். முன்பின் அறியாதவர்க்கும் வாயிலில் இடம் உண்டு என்ற எண்ணமே இவ்வரலாற்றின் உயிர் எனலாம்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் வீடுகளில், வாயிலின் ஒருபுறம் அகன்ற திண்ணையும் மறுபுறம் குறுகிய ஒட்டுத்திண்ணையும் இருக்கும். தாழ இறங்கிய ஓட்டுக்கூரை சுவரில் வெயில் படாமல் காக்கும். தலைமாட்டில் சாய்வாகக் கட்டிய காரைத் தலையணை. சுவரில் அகல்விளக்குக்கு ஒரு மாடக்குழி. பெயர் தெரியாத வழிப்போக்கனுக்கு இவ்வளவும் செய்து வைத்திருந்தனர்! செட்டிநாட்டிலோ பர்மாத் தேக்குத் தூண்கள் தாங்க, வணிகக் கணக்குகள் பார்க்கும் இடமாகவும் திண்ணை விளங்கியது.

கல்வியும் அங்கேதான் வளர்ந்தது. பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர்; மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக் கொடுத்தான். சென்னையில் பணியாற்றிய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் இத்தகைய பள்ளிகளின் முறையைக் கண்டு தாமும் கைக்கொண்டார். 1797-இல் இலண்டனில் அதனை நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தில் 12,498 கல்விக்கூடங்கள் இருந்ததாகக் காட்டிற்று. அவற்றுள் திண்ணைப் பள்ளிகள் ஏராளம். ஆனால் அங்கே பயின்ற பெண்பிள்ளைகளோ மிகச் சிலர்.

பின்னாளில் வடபுலத்து நகரங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழரின் பிள்ளைகளுக்குத் திண்ணை ஒரு கோடைப் பள்ளியாயிற்று. மாதுங்காவிலும் கரோல் பாகிலும் மாடிக் குடியிருப்பில் வளர்ந்தவர்கள், இரண்டு இரவுகளை இரயிலில் கழித்துத் தாத்தா வீட்டை அடைவர். சித்திரை வெயில் தெருவைச் சுட்டெரிக்கையில் திண்ணையில் தாயமும் பல்லாங்குழியும் நடைபெறும். நுங்கும் மாங்காயும் அங்கேயே பங்கிடப்படும். இரவில் பனையோலை விசிறியும் பாட்டியின் கதையும் துணையிருக்கும். இவற்றினும் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். தெருவில் போகும் பெரியவர் எவராயினும் நின்று, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று வினவுவார். விடையைத் தமிழில்தான் சொல்ல வேண்டும். தன் பாட்டன் பெயரையும் ஊரின் பெயரையும் உறவுமுறைச் சொற்களையும் அப்பிள்ளை கற்றுக்கொண்டது அந்த ஒரு கேள்வியால்தான்.

ஆயினும் அத்திண்ணையில் ஏற எல்லாருக்கும் உரிமை இருந்ததா? வீட்டுக்குரியவர் மேலே அமர்ந்திருக்க, அவருடைய வயலில் உழைத்தவர் தெருவில் நின்றே கூலி நெல்லைப் பெற்றுச் சென்ற ஊர்கள் பல. நேற்றுவரை திண்ணையில் விளையாடிய சிறுமி, பூப்பெய்தியதும் கதவுக்குப் பின்னே நிற்க வேண்டியவளானாள். இடுப்பளவே உயரமுள்ள அம்மேடை சிலருக்கு எட்டாத உயரமாக இருந்தது. நம் கோடை நினைவுகளின் இனிமையில் இதனை மறைத்தல் முறையன்று.

நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்ட இடமும் திண்ணைதான். தேர்தல் காலத்தில் 'திண்ணைப் பிரசாரம்' என்னும் தொடரும் வழக்கில் நிலைபெற்றது. பின்னர் மின்விசிறியும் தொலைக்காட்சியும் மக்களை உள்ளே அழைத்துக்கொண்டன. மனை விலை ஏறியது, தெருமட்டம் உயர்ந்தது. எஞ்சிய திண்ணைகள் பலவற்றைக் கம்பிக் கதவுகள் மறைத்துவிட்டன.

ஊர்விட்டு ஊர் வந்த தமிழர் செங்கல்லால் கட்ட இயலாத திண்ணையைச் சங்கங்களாக அமைத்துக்கொண்டனர். 1946-இல் தோன்றிய தில்லித் தமிழ்ச் சங்கம் போன்றவை இப்பணியையே செய்கின்றன. மொழி அறியாமல் புது நகரில் வந்திறங்கும் குடும்பத்திற்கு முதலில் தோள் கொடுப்பதும், இங்கே பிறந்த பிள்ளைகளைத் தமிழில் வினவி விடை கேட்பதும் சங்கத்தின் கடமைகள் ஆகும். சாதியும் ஊரும் செல்வமும் கேட்டு இடம் தந்த பழைய வழக்கம் மட்டும் இங்கே நுழைதல் கூடாது. வந்தவர் எவராயினும் ஏறி அமரலாம் என்னும்போதுதான் திண்ணை தன் பெயருக்கு உரியதாகும்.