ஒரே வருஷம், ரெண்டு டிடெக்டர்

ஜெனீவா பக்கத்துல, பிரான்ஸ் எல்லைக்குள்ள செஸ்ஸின்னு ஒரு ஊர். அங்க நிலத்துக்கு அடியில இருக்கு சிஎம்எஸ் டிடெக்டர். அதோட நடுவுல உள்ள ட்ராக்கர்ல சுமார் 200 சதுர மீட்டர் சிலிக்கான், 90 லட்சத்துக்கும் மேல மெல்லிய பட்டைகள். புரோட்டான் மோதல்ல தெறிக்கிற துகள் ஒரு பட்டையைக் கடந்தா, சின்னதா ஒரு மின் துடிப்பு வரும். அதுக்குப் பேர் ஹிட். ஹிட்களைக் கோத்தாதான் துகள் போன பாதை தெரியும்.

2015 கடைசியிலயும் 2016லயும், மோதல்கள் கூடக்கூட ஹிட்கள் காணாமப் போச்சு.

முதல் சந்தேகம் ஒரு பழைய ஆசாமி மேல. எப்பவாவது ஒரு துகள் சிலிக்கான் அணுக்கருவிலேயே மோதி, எக்கச்சக்க சார்ஜைக் கொட்டிடும். 128 பட்டைகளைப் படிக்கிற ஏபிவி25 சிப் கொஞ்ச நேரம் மரத்துப்போகும். டிடெக்டரைக் கட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தான்.

ஆனா காரணம் வேற. முதல் ஓட்டத்துல ட்ராக்கர் 4 டிகிரியில ஓடுச்சு. கதிர்வீச்சுச் சேதத்தைக் குறைக்க, 2015ல மைனஸ் 15க்குக் குளிர்விச்சாங்க. அந்தக் குளிர்ல சிப்போட முன்-ஆம்ப்ளிஃபையர்ல சார்ஜ் மெதுவாத்தான் வடிஞ்சது. மோதலோ 25 நானோ செகண்டுக்கு ஒண்ணு. பாதி அடைச்ச சிங்க்ல குழாயைத் திறந்து விட்ட கதை! நிரம்பின ஆம்ப்ளிஃபையர் அடுத்த துகளை அரைகுறையாத்தான் பார்க்கும். 2016 ஆகஸ்ட்ல ஒரே ஒரு வோல்டேஜை மாத்தினாங்க, ஹிட்கள் திரும்பி வந்துச்சு.

சரி, அதுக்கு முன்னாடி எடுத்த டேட்டா? அந்த வருஷத்தோட பாதிக்கும் மேல அதுதான், தூக்கிப் போட முடியாது. எத்தனை துகள் உண்டாச்சுன்னு யாரும் நேரா எண்ணுறதில்ல. நூத்துல எத்தனை டிடெக்டர் கண்ணுல படும்னு சிமுலேஷன் சொல்லும், அதால வகுப்பாங்க. சிமுலேஷன்ல இருக்கிற டிடெக்டர் ஆரோக்கியமா இருந்து, நிஜ டிடெக்டர் அரைத்தூக்கத்துல இருந்தா, விடை குறைச்சலாத்தான் வரும். திருத்த எண்களைப் போட்டு ஓரளவு சமாளிக்கலாம்.

பிறகு செஞ்சதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி: சிமுலேஷனுக்கும் அதே நோயைக் கொடுத்தாங்க. பழைய மோதல் ஒவ்வொண்ணையும் மறுபடி கணக்குப் போட்டா கட்டுப்படியாகாது. அதனால அடுக்குக்கும் மோதல் அளவுக்கும் ஏத்தபடி, எவ்வளவு சார்ஜ் மிச்சம் இருந்திருக்கும்னு சீட்டுக் குலுக்கி எடுத்து, ஆம்ப்ளிஃபையர்ல முன்கூட்டியே நிரப்பிட்டாங்க. புதுசா வர்ற ஹிட் அதுக்கு மேலதான் உக்காரணும்.

அந்த வோல்டேஜுக்குப் பேர் விஎஃப்பி. சிஎம்எஸ்ல 2016 டேட்டாவுக்கு ரெண்டு தனி சிமுலேஷன்கள்: விஎஃப்பிக்கு முன், விஎஃப்பிக்குப் பின்.