சிறுகோளும் அதன் பெயரும்

காளத்திவாழ் தமிழ்மக்களாகிய நமக்கு இராகு கேதுக்கள் புதியனவல்ல. கிரகண வேளையில் ஏனைய ஆலயங்கள் நடை சாத்தப்பெற, இத்திருக்கோயிலில் வழிபாடு நடைபெறுகின்றது. அவ்விரண்டும் உருவுடைய கோள்களல்ல. சந்திரன் செல்லும் நெறி சூரியன் நெறியை வெட்டும் இரு புள்ளிகளே. உருவிலாத அவற்றுக்கு நம் சாதகத்தில் இடமுண்டு. உருவுடைய சிறுகோள்களுக்கு இல்லை. அவற்றுள் முதலாவதாகிய சீரிஸ் காணப்பெற்றதே 1801-ஆம் ஆண்டில்தான்!

மேலைநாட்டுச் சோதிடர் சிலர் இச்சிறுகோள்களையும் இராசிக் கட்டத்தில் அமைத்து, பெயருக்குரிய புராணத் தேவதையின் குணத்தையே பலனாக உரைக்கின்றனர். அப்பெயர்கள் பிறந்த வரலாற்றை நோக்குவோம்.

போக்சன் என்னும் ஆங்கிலேயர் 1856-இல் ஆக்ஸ்போர்டில் கண்ட சிறுகோள் 'ஐசிஸ்' எனப் பெயர் பெற்றது. அஃது எகிப்தியத் தேவியின் பெயர்; அந்நகரில் ஓடும் ஆற்றுக்கும் அதுவே பெயர்; போக்சனின் மகளுக்கும் அதுவே! அம்மகளார் பின்னர்ச் சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் தந்தையாருக்கு உதவியாளராகப் பணியாற்றினார். தேவி, ஆறு, மகள் ஆகிய மூன்றனுள் எதன் குணத்தைப் பலனாகக் கொள்வது?

அதே கூடத்திலிருந்து போக்சன் 1861 ஏப்ரல் 17-இல் மற்றொன்றைக் கண்டார். இக்கண்டத்திலிருந்து காணப்பெற்ற முதற் சிறுகோள் ஆதலின் அது 'ஆசியா' ஆயிற்று. கிரேக்கக் கதையில் அப்பெயருடைய கடல்மகள் ஒருத்தியும் உளள். பலன் கூறுவோர் அவளையே நாடுவர், சென்னையை நினைப்பாரிலர்.

1988-இல் ஜவ்வாது மலைக் காவலூரிலிருந்து காணப்பெற்ற சிறுகோளுக்குக் கணிதமேதை இராமானுஜன் பெயர் சூட்டப்பெற்றுள்ளது. அதற்கு எப்புராணத்தைப் புரட்டுவரோ!