கமுகின் இரு பெயர்கள்

பினாங்கு என்பது முதலில் ஒரு மரத்தின் பெயர். பின்னரே அது தீவின் பெயராயிற்று. மலாய் மொழியில் ‘பினாங்’ என்றால் பாக்கு. ‘பூலாவ் பினாங்’ என்றால் பாக்குத் தீவு. அம்மரத்தைத் தமிழர் கமுகு என்பர். அதன் காயை அடைக்காய் என்றும் வழங்குவர்.

1753-இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், தாம் அறிந்த தாவரங்களுக்கெல்லாம் பேரினப் பெயர் ஒன்று, சிற்றினப் பெயர் ஒன்று என இரு சொற்களில் பெயர் வகுத்தார். கமுகுக்கு அவர் இட்ட பெயர் ‘அரேக்கா கட்டெச்சு’. அடைக்காய் என்னும் சொல்லோடு உறவுடைய மலையாளச் சொல்லே போர்ச்சுக்கீசியர் நாவில் அரேக்கா எனத் திரிந்தது. தென்னையும் பனையும் அடங்கிய குடும்பம் முழுவதும் இன்று அதனடியாக ‘அரேக்கேசி’ எனப்படுகிறது.

இரண்டாம் சொல்லோ காசுக்கட்டியைக் குறிப்பது. பாக்கை வேகவைத்து ஒருவகைக் கட்டி எடுப்பதுண்டு. ஆயினும் வணிகத்தில் பெயர் பெற்ற காசுக்கட்டி, கருங்காலி எனப்படும் வேலின மரத்தின் வயிரத்தைக் காய்ச்சி எடுப்பதாகும். மலாய் நாட்டில் வெற்றிலையோடு மெல்லும் துவர்ப்புக் கட்டியோ காம்பிர் என்னும் ஏறுகொடியின் இலையிலிருந்து வருவது. பினாங்கின் தாவரங்களை ஆராய்ந்த மருத்துவர் வில்லியம் ஹண்டர், 1808-இல் வெளிவந்த கட்டுரையில் இக்கொடியை விளக்கி, ‘நவ்கிளியா’ என்ற பேரினத்தில் வைத்தார். பின்னர் அது ‘அன்கேரியா’வுக்கு மாற்றப்பட்டது, காம்பிர் என்ற மலாய்ச் சொல் மட்டும் மாறவில்லை.

நாவுக்கு இம்மூன்றும் ஒரே துவர்ப்பு. பூவையும் கனியையும் நோக்கும் தாவர நூலார்க்கோ, கமுகு பனைக் குடும்பம். கருங்காலி அவரைக் குடும்பம். காம்பிர் காப்பிச் செடியின் குடும்பம். பயன் கொண்டு பகுப்பதும் உறுப்புக் கொண்டு பகுப்பதும் வேறு என்பது இதனால் விளங்கும்.

உறுப்பமைதி கொண்டு பகுக்கும் முறை தமிழுக்குப் புதிதன்று. புறத்தே வயிரமுடையது புல், அகத்தே வயிரமுடையது மரம் என்பது தொல்காப்பிய மரபியல். அவ்வாறு நோக்கின் கமுகு புல்லாகும். லின்னேயஸ் பனையினத்தைத் தம் நூலின் பிற்சேர்க்கையில் வைத்தார். இன்றைய மரபணு ஆய்வோ பனையையும் புல்லையும் ஒருவித்திலைத் தாவரங்களின் ஒரே பெருங்கிளையில் சேர்க்கிறது. மரபியலார் கொண்ட அளவுகோல் வேறு; எனினும் புற உருவைக் கண்டு மயங்காமல் அமைப்பை நோக்கிய பார்வை அவர்க்கு இருந்தது.

முறையாக இடப்பட்ட சிற்றினப் பெயர், பொருள் பொருந்தாதென்ற காரணத்தால் மட்டும் மாற்றப்படுவதில்லை என்பது தாவரப் பெயரிடும் விதி. ஆதலின் ஒரு தீவுக்கே பெயர் தந்த கமுகு, தனக்கு முழுதும் உரிமையில்லாத காசுக்கட்டியின் பெயரையும் சுமந்து நிற்கிறது. அதன் முதற்பெயரிலோ நம் அடைக்காயின் ஒலி இன்னும் கேட்கிறது.